ஆபீஸில் ஃபயர்

என் கணவருக்கு வேலை போன செய்தியை எனக்குச் சொன்னவர் அவரல்ல. பழைய கரிச் சுரங்கம் ஒன்றில் வழிகாட்டியாக இருந்த அமெரிக்கக் கிழவர்.

எண்பதுகளில் நாங்கள் கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் இருந்தோம். கணவரின் கம்பெனியை நம்பித்தான் எங்கள் கிரீன் கார்டே இருந்தது. கோடையில் சுற்றியுள்ள மலைப்புல் காய்ந்து எங்காவது பற்றிக்கொள்ளும். ஒரு சாயங்காலம் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து வந்தவர் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் "ஃபயர்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

"ஐயையோ, ஆபீஸ்லயா? புகை இங்க வரும்" என்று ஓடிப்போய் ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன். திரும்பி வந்தால், தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். "அணைஞ்சிடுச்சு, நீ தோசையை ஊத்து" என்றார்.

அன்றிலிருந்து மனுஷருக்குத் தீயும் கரியும்தான் பேச்சு. மலைக்கு அந்தப் பக்கம் பூங்காவாக்கிவிட்ட சுரங்கம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூடியதும், கரி வெட்டியவர்கள் அதே மண்வெட்டியோடு காட்டுத்தீ அணைக்கப் போனார்களாம். நனைத்த சாக்கால் அடிப்பார்களாம். புல்லைச் செதுக்கி, தீ தாண்டாதபடி வெறும் மண்ணாக்குவார்களாம். அவர்கள் சாப்பாட்டு வாளியும் நம் டிபன் கேரியர் மாதிரி அடுக்காம், அடித்தட்டில் டீயாம். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் வாய் திறக்காதவர் இப்படிப் பேசுகிறாரே என்று நான் பூரித்துப் போனேன்.

"யாருங்க சொன்னது?"

"ஆபீஸ்ல ஒருத்தர். லன்ச் டைம்ல பேசுவார்."

அந்தச் சுரங்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். டிராஃபிக் என்றார், வெயில் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் அழைத்துப் போனார்.

வாசலில் நின்ற வழிகாட்டி அவரைப் பார்த்ததும் தோளில் கை போட்டுக்கொண்டார். தன் அப்பா இங்கே கரி வெட்டியவர், தானும் வாலிபத்தில் தீயணைக்கப் போனவன் என்று என்னிடம் அறிமுகம் செய்துகொண்டார்.

"உங்கள் லெமன் ரைஸ் பிரமாதம். மதியம் இரண்டு பேரும் பாதிப்பாதி சாப்பிடுவோம்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவருக்கு வேறு வேலை ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் எழுந்து எலுமிச்சை பிழிந்து நான் கட்டிக் கொடுத்த டிபன் இங்கே வந்திருக்கிறது. இத்தனை நாளும் என் காதில் முழம் முழமாகப் பூச் சுற்றியிருக்கிறார். நானும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். "முன்ன பின்ன தெரியாதவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"அன்னிக்கே சொன்னேனே. ஃபயர் பண்ணிட்டாங்கன்னு. நீதான் ஜன்னலைச் சாத்தப் போயிட்ட."

வேறு வேலை கிடைத்தது, கிரீன் கார்டும் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆனால் இன்றுவரை அவர் ஏதாவது சுவாரஸ்யமாகச் சொல்ல ஆரம்பித்தால், "இப்ப எது போச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.