தூணிடம் பேசிய மேனேஜர்கள்

போன வாரம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு இப்போதுதான் டீம் லீடர் பதவி கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு பயிற்சியையும் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு பொம்மை முகம் வந்து, "லேட்டா வந்தா என்ன? கேக்க நீங்க யாரு?" என்று இவளிடம் முறைக்கிறது. இவள் பதமாகப் பதில் சொன்னால் மார்க். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பொம்மை ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டது. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே பாடத்தை நான் கண்டனூரில் தூண்களை வைத்து நடத்தினேன் என்றால் அவள் நம்பமாட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

சென்னையில் ஒரு கம்பெனியில் பயிற்சி கொடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணமாகி நான் காரைக்குடிக்கே திரும்பியிருந்த சமயம் அது. பக்கத்துக் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். முதலாளி ஓர் ஆச்சி. செட்டியார் வீட்டுப் பெண்களை, வயது எதுவானாலும், நாங்கள் ஆச்சி என்றுதான் சொல்வோம். இவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். வெளியூரிலிருந்து கொண்டுவந்த மேனேஜர்கள் ஒவ்வொருவராக ஓடிப்போனதில் அலுத்துப்போய், வேலை பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்களிலேயே ஐந்து பேரை மேனேஜராக உயர்த்தியிருந்தார்.

"இவுகளுக்கு வேலை தெரியும். வேலை வாங்கத் தெரியல. அத நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்.

அந்த வீட்டுக் கூடத்துத் தேக்குத் தூண்களை எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். புரொஜெக்டர் சூட்டில் அந்த வாசனை கும்மென்று கிளம்பும். இன்றைக்கும் மரச்சாமான் கடைக்குள் நுழைந்தால் எனக்கு என் முதல் வகுப்பு ஊத்திக்கொண்டதுதான் ஞாபகம் வருகிறது. சென்னையில் சேர்த்து வைத்த படங்களையெல்லாம் ஓட்டினேன். வட்டம், முக்கோணம், கோட்டு சூட்டோடு மலையேறும் ஒரு மனிதர். ஐந்து பேரும் மகா மரியாதையாகத் தலையாட்டினார்கள். "குறையை நேராக, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்ற படம் வந்தபோது மட்டும், ஐவரில் ஒருத்தியான வள்ளிமயில் கையைத் தூக்கினாள்.

"கண்ணைப் பாத்துச் சொன்னா ஊர்ல என்ன பேசுவாக டீச்சர்?"

பயிற்சி கொடுப்பவள் என்பதால் நான் அவர்களுக்கு டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் புரியாமலே நானும் சிரித்துவைத்தேன்.

இடைவேளையில்தான் விவரம் தெரிந்தது. பல வருஷமாக அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த வள்ளிமயிலைச் சாப்பாட்டுப் பகுதிக்கும் சமையல்கட்டுக்கும் மேனேஜராகப் போட்டிருந்தார் ஆச்சி. அங்கே பெரிய சமையல்காரர் கருப்பையா. அவர் அவளுடைய கணவரின் அண்ணன், அதாவது மூத்தார். எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் மூத்தாரின் எதிரே நிற்பதே தப்பு. முகம் பார்த்துப் பேசுவது நடக்கவே நடக்காது.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் அம்மாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் காலம் பூராவும் இருந்தவர்கள். "பெரியப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா. பெரியப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "வேணும்னு சொல்லு" என்பார். நடுவில் நான் ஒரு தபால்பெட்டியாக வளர்ந்தேன். பெரியப்பா படுக்கையில் விழுந்து கண்ணை மூடும்வரை அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் போன அன்று அவள் அழுத அழுகையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சரி, வள்ளியின் கதைக்கு வருகிறேன். கருப்பையாவின் கோழிக்குழம்பில் காரம் மண்டையைப் பிளக்கும். வெளிநாட்டு விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் ஜாடியைத் தேடுவார்கள். காரத்தைக் குறைக்கச் சொல்லவேண்டிய மேனேஜர் வள்ளி. அவள் என்ன செய்தாள் தெரியுமா?

"அவுக பீடி குடிக்கப் பின்னாடி போவாகள்ல, அப்ப கமுக்கமா தேங்காப்பாலை ஊத்திருவேன் டீச்சர்."

கருப்பையா திரும்பி வந்து ருசி பார்ப்பார். என்னடா சப்பென்று இருக்கிறது என்று மறுநாள் மிளகாயைக் கூட்டுவார். இவள் பாலைக் கூட்டுவாள். இந்த ஊமைச் சண்டையில் குழம்பு ஒருநாள் பாயசமாகவும் ஒருநாள் நெருப்பாகவும் இருந்தது.

ஆச்சி கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பிரான்சிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வருகிறது. அதற்குள் சாப்பாடு சரிப்படாவிட்டால் சென்னையிலிருந்து மேனேஜர் வருவார், வள்ளி பழையபடி அறைகளுக்குப் போகவேண்டியதுதான்.

"பெட்ஷீட் மாத்த நான் சங்கடப்படல. ஆனா ஏறினவ எறங்கிட்டா, இனிமே எங்கள்ல ஒருத்தியையும் ஏத்திவிட மாட்டாக டீச்சர்" என்றாள் வள்ளி. அன்று இரவு என் படங்களைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வகுப்பில் படத்தை மூட்டை கட்டிவிட்டு நடித்துப் பார்க்கச் சொன்னேன். வரவேற்பு மேனேஜர் முருகேசன் கருப்பையாவாக நின்றார். வள்ளிக்குச் சிரிப்புதான் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. கடைசியில், "இந்தத் தூணுகிட்டச் சொல்றேன் டீச்சர். எங்க மாமியா அப்படித்தான் தூணப் பாத்துப் பேசுவாக" என்று பக்கத்துத் தூண் பக்கம் திரும்பினாள். பேசினாள் பாருங்கள்! நடந்தது என்ன, யாருக்கு என்ன கஷ்டம், இனி என்ன செய்யவேண்டும், எல்லாம் கோவையாக வந்து விழுந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த பாடம் அது.

விடுவேனா? ஆளுக்கொரு தூண் பிடிக்கச் சொன்னேன். நடந்ததைச் சொல், வேண்டியதைச் சொல், பிறகு வாயை மூடு. இந்த மூன்றாவதுதான் ஒருவருக்கும் வரவில்லை. தூண் பதில் பேசாததால், "சரி விடுப்பா, பரவாயில்ல, நானே பாத்துக்கிறேன்" என்று முருகேசன் தூணுக்காகத் தானே இறங்கிவந்துவிட்டார். அந்தத் தப்பைத்தான் அவர் தினமும் ஆட்களிடம் செய்துகொண்டிருந்தார். திரும்பத் திரும்பப் பழகினோம். ஐந்து பேரும் கூடம் அதிரத் தூண்களைக் கண்டித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி உள்ளே வந்துவிட்டார்.

"எங்க மாமனார் வீட்டுத் தூணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா நோவு எடுத்தது. ஆச்சியும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்த அன்று காலை நான் அம்மிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். சமையல்கட்டு வாசலில் ஒரு கல்தூண் உண்டு. வள்ளி அதன் எதிரே போய் நின்றாள். கருப்பையா அடுப்படியில் இருந்தார்.

"வந்தவுக காரம் தாங்காம குழம்பை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போறாக. இன்னைக்கு மிளகாய் பாதி போதும். இத்தன நாளா தேங்காப்பாலு ஊத்துனது நான்தான்."

வாயை மூடினாள். கரண்டிச் சத்தம் நின்றது. நான் உள்ளுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வள்ளியின் உதடு துடித்தது; எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் பேசவில்லை.

கருப்பையா கரண்டியோடு தூண் பக்கம் திரும்பினார். "ஏ தூணே, இத மொத நாளே சொல்லியிருந்தா நான் எதுக்கு மிளகாய அள்ளிப் போடுறேன்? கை மறந்துபோச்சோன்னு தூக்கமில்லாம கெடந்தேன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு."

குழம்பு அன்று அமிர்தம். சட்டி காலியானதும் வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், நானும் குதித்தேன். சென்னை மேனேஜர் வரவேயில்லை.

போன தையில் கண்டனூர் போயிருந்தேன். வள்ளி இப்போது ஓட்டல் முழுவதற்கும் மேனேஜர். கருப்பையா முட்டிவலியால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். பழசை எழுதுகிறவர்கள், போனதற்கெல்லாம் பெருமூச்சு விடவேண்டும் என்பது எழுதாத சட்டம். தூணைப் பார்த்துப் பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்று யாருமில்லை, அந்த வழக்கம் அடியோடு போய்விட்டது. எனக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது.

"வீட்ல இப்ப அவருகிட்ட நேரா பேசுறியா?" என்று வள்ளியைக் கேட்டேன்.

"பேசாம? மாத்திரையைப் போடாம ஏமாத்துறாக. நித்தம் சண்டைதான்."

"என்ன சொல்லிக் கூப்பிடுற?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. மூத்தாரை நேரில் அழைக்க எங்கள் ஊரில் சொல்லே கிடையாது. பேச்சே இல்லாத இடத்தில் சொல் எதற்கு?

வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செஃப்புன்னுதான். ஆச்சி வந்தவுககிட்ட அவுகளக் காட்டி அப்படித்தான சொல்லுவாக, நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். கூப்பிட்டா உடனே, 'என்ன மேனேஜரு?'ன்னு திரும்பிப் பாக்குறாக டீச்சர்."