பாயின் மீன்தொட்டிப் பம்ப்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் மனைவி சொல்வாள். ஜுபைல் கேம்ப்பில் வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு மண்டை காய்ந்துவிடும். தூங்கு, துணி துவை, ஊருக்கு வீடியோ கால் போடு, மறுபடியும் தூங்கு. பதினாறு மாதம் இதையே செய்தால் மனுசன் என்ன ஆவான்? நான் பீர் காய்ச்ச ஆரம்பித்தேன்.

சவூதியில் பீரா, கிறுக்கா உனக்கு என்று கேட்பீர்கள். கிறுக்குதான். பிடிபட்டால் ஜெயில், அப்புறம் ஒரேயடியாக ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரிந்தேதான் செய்தேன். இத்தனைக்கும் எனக்குக் குடியில் பெரிய நாட்டமில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். சூப்புக்கு விற்கிற பார்லியை வாங்கி, ஈரத்துண்டில் முளைகட்டி, காயவைத்து, இடித்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்தால் ஒரு இனிப்புச் சாறு கிடைக்கும். அதைக் கொதிக்கவைக்கும்போது உள்ளிருக்கிற காற்றெல்லாம் போய்விடும். காற்றில்லாத சாற்றில் போட்ட ஈஸ்ட் நோஞ்சானாகப் படுத்துக்கொள்ளும். அதனால் சாறு ஆறின பிறகு அரைமணி நேரமாவது அதற்குள் காற்றை ஊத வேண்டும். அதற்கு ஒரு பம்ப் வேண்டும்.

பம்ப் பாயிடம் இருந்தது. பாய் என் எதிர்க்கட்டில்காரர். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். பைப் ஃபிட்டர், என்னைவிட இருபது வயது மூத்தவர். ஐந்து வேளைத் தொழுகை தவறாது, பீடி சிகரெட்கூடக் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே ஆசை கண்ணாடித் தொட்டியில் மூன்று தங்கமீன். அந்தத் தொட்டியில் குமிழி விடுகிற சின்னப் பம்ப்பைத்தான் நான் கடன் கேட்டேன்.

"நீ என்ன எழவையும் காய்ச்சு தம்பி, எனக்குத் தெரிய வேணாம். என் மீனுக்கு மூச்சு முட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அவர் ஜும்மாவுக்குப் போய் வருகிற ஒரு மணி நேரம் பம்ப் என்னுடையது. மூன்றாவது கட்டிலில் இருந்த தஞ்சாவூர் வெல்டர் அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பிளான்ட்டில் நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அந்தத் திமிரெல்லாம் இதில் காட்டினேன். குமிழி பிரிய டியூப் நுனியில் மாட்டித் தொட்டிக்குள் போடுகிற வெள்ளைக் கல்லில் பாசியும் அழுக்கும் ஊறிக்கிடக்கும், ஆகாது. ஸ்கிராப்பில் கிடந்த ஒரு ஸ்டீல் ஃபில்டரை எடுத்து வந்தேன். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, இடுக்கியால்தான் எடுப்பேன். விரல் பட்டால் கையின் எண்ணெய் ஏறித் துளை அடைத்துக்கொள்ளும். காற்று வருகிற டியூபில் புதுப் பஞ்சு வைப்பேன், தூசி போகாமலிருக்க. டியூபில் ஒரு சின்ன நான்-ரிட்டர்ன் வால்வும் இருந்தது. பம்ப் நின்றுபோனால் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வராமல் தடுப்பது அதுதான். அதையும் கொதிதண்ணீரில் போட்டேன். பிளாஸ்டிக் நெளிந்துவிட்டது. அடுத்த தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று வால்வு இல்லாமலே ஓட்டினேன். சைட்டில் எவனாவது அப்படி ஒரு பைப் லைனை விட்டிருந்தால் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டியிருப்பேன்.

நான் கடைசியாகக் காய்ச்சிய வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை ஊருக்குப் போக எனக்கு லீவு. டிக்கெட் வந்துவிட்டது. ஊரில் என் மகளுக்குப் பத்து மாதம், நான் அவளைத் தொட்டதுகூட இல்லை. நாள் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சும்மா இருந்திருக்கலாம். சனியன், இன்னொரு கேன் காய்ச்சினேன்.

கேன் கட்டில்மேல், பம்ப் கீழே தரையில். ஈஸ்ட்டைப் போட்டுவிட்டுப் பம்ப்பை ஓடவிட்டேன். கேனில் நுரை ஏறுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பத்து நிமிடம் தாங்கவில்லை. மெஸ்ஸில் பிரியாணி தீர்ந்துவிடும் என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வரிசையில் நிற்கும்போது கேம்ப்பில் கரண்ட் போய், ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்தது. எனக்கு உறைக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பம்ப் இருமிக்கொண்டிருந்தது. கரண்ட் நின்றவுடன் மேலே இருந்த சாறு டியூப் வழியாக இறங்கிப் பம்ப்பின் வயிற்றை நிறைத்துவிட்டது.

பாய் வருகிற நேரம். பிளக்கைப் பிடுங்கி, பம்ப்பைக் குலுக்கிக் கொட்டி, வெளியே துடைத்து, அவருடைய தொட்டியில் மாட்டிவிட்டேன். குமிழி வந்தது. பிழைத்தோம்டா சாமி என்று படுத்துவிட்டேன். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே கழுவவில்லை, அதற்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும்!

மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்க எல்லா ரூமையும் திறப்பார்களாம். கேனைக் கக்கூஸில் கவிழ்த்தேன், பார்லியை, ஃபில்டரை, டியூபை எல்லாம் குப்பையில் போட்டேன். பம்ப் நினைவுக்கே வரவில்லை. அது மீன்தொட்டிச் சாமான்தானே.

கேம்ப் பாஸ் ஹைதராபாத்காரர், ஹிந்தியில்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை மருந்து அடிப்பவர்களோடு வந்தவர் நேராகத் தொட்டியிடம் போனார். தண்ணீரின் மேல் அழுக்கு நுரை, மீன் மூன்றும் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன. பம்ப்பைத் தூக்கிக் கவிழ்த்தார். பழுப்பாக நாலு சொட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தார். இரண்டு நாளில் ஈஸ்ட் உள்ளேயே தன் வேலையைப் பார்த்திருந்தது.

"யே கிஸ்கா ஹை?" யாருடையது என்று கேட்டார்.

பாய் என்னை ஒருதரம் பார்த்தார். "என்னோடது" என்றார். பொய்யில்லை, பம்ப் அவருடையதுதான். உள்ளே என்ன என்று கேட்டதற்கு மீனுக்கு மருந்து என்றார். அதுதான் பொய். அந்த மனுசன் வாயில் நான் கேட்ட ஒரே பொய்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கேம்ப் பாஸ் பம்ப்பை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

மறுநாள் சைட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாய், நான் ஆபீஸ்ல போய்ச் சொல்லிடறேன்."

"டிக்கெட் கையில இருக்குல்ல? பேசாம ஊருக்குப் போய்ப் புள்ளயப் பாரு. நான் குடிக்க மாட்டேங்கிறது இந்தக் கேம்புக்கே தெரியும். என்னய என்ன பண்ணிருவானுங்க?"

சரி பாய் என்றேன். எவ்வளவு சீக்கிரம் சரி என்றேன்! அதை நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் வெல்டர் போன் செய்தார். போலீஸுக்குப் போனால் கம்பெனிக்கும் தலைவலி என்று பாயைச் சத்தமில்லாமல் விசாவை முடித்து, ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். காகிதத்தில் என்ன எழுதினார்களோ தெரியாது. சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்டார் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாலு நாள் எனக்கு இதே வேலை. அவர் நம்பரை எடுப்பேன், வைப்பேன், தெருவைச் சுற்றி வருவேன்.

கடைசியில் அவரேதான் கூப்பிட்டார்.

"புள்ள எப்படி இருக்கு தம்பி?"

"தூக்கினா அழுவுறா பாய். யாரோன்னு பாக்கிறா."

"பழகிருவா" என்றார். பிறகு, "என் மவன்தான் மூஞ்சி கொடுத்தே பேச மாட்டேங்கிறான். வெளிய தல காட்ட முடியலங்கிறான்" என்றார்.

போனை அவனிடம் கொடுங்கள், நான் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு மாதம் கழித்து நான் அதே கம்பெனிக்குத்தான் திரும்ப வேண்டும்.

"பழகிருவான் பாய்" என்றேன்.