லட்டு எடுக்காத சாராள்

போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த சாராள், நாலு பேர் முன்னால் லட்டு தின்று ஒன்பது வருடமாகிறது. ஜிலேபியும் அப்படித்தான். சர்க்கரை நோய் இல்லை. நோய் ஊருக்கு.

தேனியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கருவிலிருக்கும் குழந்தையைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள செல்களை வளர்த்து, குரோமோசோம்கள் நாற்பத்தாறும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பார். சில பெண்களுக்குக் கரு ஏன் திரும்பத் திரும்பக் கலைகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஊருக்கு நாற்பத்தாறும் வேண்டாம், கடைசி இரண்டு போதும். ஆணா பெண்ணா என்று காட்டுபவை அவைதான். சாராள் வாயைத் திறந்தால் சட்டம் உள்ளே தள்ளும். அதனால் ஒரே தட்டில் லட்டும் ஜிலேபியும் நீட்டுவார்கள். லட்டை எடுத்தால் பையன். ஒருமுறை எதையும் எடுக்காமல் தும்மினார்; மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் அதை ஆண் என்றே எடுத்துக்கொண்டு பெயரும் வைத்துவிட்டார். பிறந்தது பெண். அவர் இன்னும் சாராளோடு பேசுவதில்லை.

அன்றிலிருந்து முடிவு சொல்லும் நாளில் சாம்பல் நிறச் சேலை, சாத்திய முகம். அதைவிட, இறக்கிவிட்ட ரேஷன் கடை ஷட்டரில் அதிகம் வாசிக்கலாம்.

அந்த முகம்தான் ஆசியாவைப் பயமுறுத்தியது.

உத்தமபாளையத்து ஆசியாவுக்கு முப்பத்தாறு வயது. கணவர் சேக் தாவூது திராட்சை வியாபாரி. பன்னிரண்டு வருடத்தில் மூன்று கரு கலைந்திருந்தது. மூன்றுக்கும் தாவூதின் அக்கா சமீனா கண்டுபிடித்த காரணம் ஒன்றே: ஆசியாவின் வயிறு சரியில்லை. எந்தச் சோதனையும் செய்யாமல் வந்த முடிவு. இப்போது நான்காவது, ஐந்தாம் மாதம். நீர்ப் பரிசோதனை முடிந்ததும், கணவன் மனைவி இருவரின் ரத்தத்தையும் கேட்டு வாங்கியிருந்தார் சாராள். இன்று முடிவு.

"உக்காருங்க" என்றார்.

ஆசியா உட்காருவதற்குள் அழுதுவிட்டார். "போச்சுங்க. மேடம் மொகத்தப் பாருங்க. இதுவும் நிக்காது."

"ஐயோ, எம் மொகமே இதுதாம்மா! பிள்ளை நல்லாருக்கு."

"அப்புறம் எங்க ரத்தம் எதுக்கு எடுத்தீக?" என்றார் தாவூது.

"பிள்ளையோட ரெண்டு குரோமோசோம்ல துண்டு இடம் மாறியிருக்கு. எங்கனருந்து வந்துச்சுன்னு பாக்கத்தான். நீங்க ஒரு லாரியில பச்சைத் திராட்சை, இன்னொண்ணுல கருப்பு ஏத்துறீக. லோடுமேன் பத்துப் பெட்டிய மாத்தி ஏத்திட்டாரு. ரெண்டு லாரியும் ஒரே மண்டிக்குப் போனா?"

"சரக்கு சரியாத்தான் இருக்கும்."

"மாறுனதுல ஒரு லாரியும், மாறாத லாரி ஒண்ணும் போச்சுன்னா?"

"ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். மண்டிக்காரன் திருப்பிவிட்டுருவான்."

"முன்னாடி போன மூணும் அப்படித் திரும்புனதா இருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு ரெண்டு லாரியும் சேந்தே வந்திருச்சு. எதுவும் கூடல, குறையல."

ஆசியா கண்ணைத் துடைத்தார். "என் லாரியா மேடம்?"

"இல்லம்மா. உங்களுது எல்லாம் இடத்துல இருக்கு."

அறையில் இருந்தது மூன்றே பேர். தாவூது திரும்பி, நான்காவதாக யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"எனக்கா? நான் நல்லாத்தான இருக்கேன்?"

"நல்லாத்தான் இருப்பீக. உங்ககிட்ட ரெண்டு லாரியும் இருக்குல்ல. யார் மேலயும் தப்பில்ல."

தாவூது கைப்பேசியை எடுத்து, மறுபடி சட்டைப்பைக்குள் போட்டார். "அக்காகிட்ட வீட்டுக்குப் போயிப் பக்குவமாச் சொல்லுறேன்."

"பன்னெண்டு வருசமா என்கிட்ட யாரு பக்குவமாச் சொன்னாக?" என்றார் ஆசியா. "இங்கனயே போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார்.

"அக்கா, பிள்ளை நல்லாருக்காம். முன்னாடி போனது… ஆசியாவால இல்லக்கா. மாத்தம் என் ரத்தத்துல இருக்கு."

ஆசியா கைப்பேசியை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "கேட்டுச்சா மைனி?"

"கேட்டுச்சு" என்றது சமீனாவின் குரல், இறங்கி. "நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்கிறாத ஆத்தா."

ஆசியாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அதைப் பார்த்துச் சாராளும், ஒன்பது வருடக் கட்டுப்பாட்டை மறந்து, பல் தெரியச் சிரித்தார்.

கைப்பேசி மறுபடி உயிர்பெற்றது. "ஏலே தாவூது, அந்த மேடம் மொகம் இப்ப எப்படி இருக்கு? ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லு!"

சாராளின் முகத்தில் ஷட்டர் இறங்கியது.