மூக்கம்மாவும் கொய்யாக் கூடையும்

பழத்தோட்டங்களுக்குப் போகும் சாலையின் சோதனைச் சாவடியில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. வெளியூர்ப் பழம் ஒன்றுகூட அதைத் தாண்டக் கூடாது; அதோடு பழ ஈயும் வந்துவிடும். டிக்கியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பது கொய்யாவா, மாம்பழமா என்று சொல்லிவிடுவாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா.

மகளின் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி முதல்முறையாக விருந்துக்கு வந்தார், கூடை நிறையக் கொய்யாவோடு. சாவடியில் அவர் காரையும் அவள் நிறுத்தினாள்.

“இறக்குங்க சம்பந்தி.”

“உங்களுக்காகத்தானே வாங்கிட்டு வந்தேன்!”

“எனக்குன்னா என் கையிலயே குடுங்க.”

“ஒண்ணையாவது அறுத்துப் பாருங்களேன்.”

அறுத்தாள். புழு இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

“ஈயோட முட்டை கண்ணுக்குத் தெரியாது. தெரியறப்போ தோட்டமே போயிருக்கும்,” என்றவள், கூடையை அப்படியே மூடிபோட்ட தொட்டியில் கவிழ்த்தாள். விருந்தில் அவர் சாப்பிட மட்டுமே வாயைத் திறந்தார். அவள் அசரவில்லை, இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கேட்கும் முன்பே டிக்கியைத் திறந்து காட்டினார். இரண்டு பிஸ்கட் பாக்கெட். பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“பின்னாடி நிக்கற வண்டியில மாம்பழ வாசனை அடிக்குது சம்பந்தியம்மா. விட்டுடாதீங்க.”