பழந்துணி வேண்டாம்

தண்டோரா போட்டுத் தன் மடத்தனத்தைத் தானே ஊருக்கு அறிவித்தவன் திருத்தணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு யாரும் பழந்துணி கொடுக்கக் கூடாது, அது அவமரியாதை என்று தெருத்தெருவாகப் பறையடிக்க வைத்தேன். ஏழையின் மானத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். எல்லாம் ஆண்கள் எழுதியவை என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஏரி உடைந்து நெசவுக்காரர் தெரு கரைந்துபோயிற்று. குடும்பங்களை மலையடிவாரச் சத்திரத்தில் தங்கவைத்து, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான என்னைப் பொறுப்பாளனாக்கினார்கள். யுத்த காலம், துணிக்கு ரேஷன். இருந்தும் அலைந்து ஒரு மூட்டை புதுத்துணி வாங்கினேன். கஞ்சி மொடமொடத்த அந்தத் துணியைப் பெண்கள் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில் ஒரு நெசவுக்கார அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து பழஞ்சேலை கேட்டு நின்றாள். மகளுக்குப் பிரசவ வலி. காவடிக்காரர்கள் தங்கும் இடம், தீட்டு ஆகாது என்று சத்திரத்து மணியக்காரர் அவளை ஒழுகும் வண்டிக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார். மாதவிலக்கான பெண்களும் அங்கேதான், சாணிச் சகதியில், ஈரத்துணியோடு. தொடையெல்லாம் புண், இரண்டு பேருக்குக் காய்ச்சல். இதெல்லாம் பொறுப்பாளனுக்குத் தெரியாது. அவன் அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தான்.

புதுத்துணிதான் இருக்கிறதே என்றேன்.

"கஞ்சித் துணிய இடுப்புல வச்சிக்கினு ஒரு நாளு நடந்து பாருங்க. அப்பறம் தண்டோரா போடலாம்" என்றாள் என் மனைவி.

தன் நைந்த சேலைகளைப் பரணிலிருந்து இறக்கினாள். பக்கத்து வீடுகளிலும் வாங்கிக்கொண்டு அந்த அம்மாளோடு கொட்டகைக்கு ஓடினாள். நான் மணியக்காரரிடம் போய், பிரசவத்துக்கு ஓர் அறையைத் திறந்துவிடச் சொன்னேன். முருகனுக்கு ஆகாது என்றார். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்த சாமிக்கா பிள்ளைப்பேறு ஆகாது என்று கத்தினேன். இரண்டு சுலோகங்களும் சொன்னேன், சம்பந்தமில்லாதவை. கத்திக்கொண்டே திரும்பினால், தாழ்வாரத்தில் அவருடைய வண்டிமாடுகள் நனையாமல் அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. மாட்டை உள்ளே கட்டிவிட்டு, மாடு நின்ற இடத்தில் பெண்ணைப் படுக்கவைத்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஒருவழியாகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். என் மனைவியின் பழைய சேலைக்குள் குழந்தை சுருண்டு கிடந்தது. தாய் பிழைத்துக்கொண்டாள். எல்லாப் பெண்களையும் அன்றே அறைக்குள் மாற்றினோம்.

சில நாள் கழித்து, மணியக்காரரை நான் மடக்கிய விதத்தை அந்த அம்மாளிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஆங், கேட்டுச்சிங்க. புள்ள அப்பவே பொறந்துட்டுது. அது அழுவுதா இல்லியான்னு காத வச்சிக்கினு கேட்டா, உங்க சத்தந்தான் வந்துகினு இருந்திச்சி."