அவனுடைய துவக்குக்குப் பொருந்திய கோதுகள்

துவக்குக் கடையில் விற்கிற ரவைப் பெட்டியில் இருபதுதான் இருக்கும். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாம். இருபதையும் ஒரு பின்னேரத்தில் சுட்டு முடித்துவிடலாம்.

"இது சரிவராது மச்சான்," என்றான் அவன். "சுட்ட கோதை எறியாமல் வைச்சால் நாங்களே திருப்பி நிரப்பலாம்."

அப்படித்தான் தொடங்கியது.

அவனும் நானும் மெல்பேர்னில் டண்டினொங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். சாமான் ஏற்றுகிற பலட் செய்யும் இடம். நான் ஆணி அடிப்பேன். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். இரண்டு பேரிடமும் லைசன்ஸ் இருந்தது, ஆளுக்கொரு துவக்கு இருந்தது. வருசத்தில் மூன்று நான்கு தரம் கிழக்கே மலைக்கு மரை வேட்டைக்குப் போவோம். மற்றச் சனிக்கிழமைகளில் சூட்டுத் திடலில் கடதாசிக்குச் சுடுவோம்.

ஒரு ரவையில் நான்கு சாமான் இருக்கிறது. பித்தளைக் கோது, அதன் அடியில் நெருப்புப் பிடிக்கிற பிறைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். சுட்ட பிறகு கோது மட்டும் மிஞ்சும். மற்ற மூன்றையும் மொத்தமாக வாங்கி அதில் நிரப்பினால், கடை விலையில் அரைவாசிகூட வராது. ஆனால் மொத்தம் என்றால் ஆயிரம் பிறைமர், பெரிய போத்தல் மருந்து. ஒருவனுக்கு அது கூட. இரண்டு பேருக்கு அளவு.

தொழிற்சாலையில் கழித்த பலகையில் என் கராஜில் மேசைபோல ஒரு வாங்கு அடித்தேன். ரவை நிரப்புகிற பிரஸ்ஸை அதில் போல்ட் போட்டு இறுக்கினேன். கைபிடியை இழுத்தால் கோது அச்சுக்குள் ஏறி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிய அவன் வருவான். நான் கைபிடியை இழுப்பேன். அவன் மருந்து நிறுப்பான். எனக்குக் கை பலம். அவனுக்குக் கண் நல்லம்.

எவ்வளவு மருந்து போடுவது என்று சொல்கிற புத்தகம் இங்கிலிஸில் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். அவன் இலக்கத்தை வாசிப்பான். நான் மட்டையில் எழுதி அவனுக்குத் திருப்பி வாசிப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மருந்துப் போத்தலைத் திறப்போம். திறந்த பிறகு பேச்சு இல்லை. போன் இரண்டும் வீட்டுக்குள். ஒரு கோதுக்கு மருந்து கூடினால் துவக்கு வெடிக்கும், முகம் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு இருப்போம். ஒரு மணித்தியாலம், சில நாள் இரண்டு. போத்தலை மூடியதும் அவன் "ம்" என்பான். அதற்குப் பிறகு தேத்தண்ணி.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தேத்தண்ணி கொண்டுவந்து வாசலில் நின்று பார்ப்பாள்.

"இஞ்சாருங்கோ, மிச்சம் பிடிக்கிறம் எண்டுதானே தொடங்கினியள்? முந்திச் சுட்டதிலும் பாக்க இப்பதான் கூடச் சுடுறியள்."

"அது தங்கச்சி, ஒரு வெடிக்கு எவ்வளவு மிச்சம் எண்டு பாக்க வேணும்," என்பான் அவன். "எவ்வளவு கூடச் சுடுறமோ அவ்வளவு மிச்சம்."

"அப்ப இரவு பகலாச் சுடுங்கோ அண்ணை. வீடு வாங்கலாம்."

சுட்ட கோது அந்தத் துவக்கின் குழியளவுக்கு வீங்கிவிடும். கழுத்தை மட்டும் அச்சில் இறுக்கினால் போதும், அதே துவக்கில் திரும்ப ஏறும். பித்தளை தேயாது, கோது கனகாலம் உழைக்கும். முழுக் கோதையும் இறுக்கினால் எந்தத் துவக்கிலும் ஏறும். ஆனால் பித்தளை கெதியாய்க் கீறுவிடும். நாங்கள் கழுத்தை மட்டும் இறுக்கினோம். கோதிலும் மிச்சம் பிடிக்க வேண்டும் அல்லவா. ஒரே அளவுத் துவக்குத்தான் இரண்டும். என்றாலும் அவனுடைய கோது என் துவக்கில் ஏறாது, என்னுடையது அவனுடையதில் ஏறாது. அவனுக்குச் சிவப்புப் பெட்டி, எனக்கு நீலப் பெட்டி.

ஒரு மாரிகாலம் மலையில் விடியப் பிரிந்து நடந்தோம். அவன் மேட்டால் போனான், நான் ஓடைக் கரையால். ஈரம். யூக்கலிப்டஸ் பட்டை காலில் வழுக்கியது. ஓடைக்கு அப்பால் கொம்பு வைத்த கலை மரை ஒன்று நின்றது. பெரியது. கழுத்து மயிர் நனைந்து தொங்கியது. நான் மெதுவாக ரவையைத் துவக்குக்குள் தள்ளினேன். துவக்கின் பூட்டு மூடவில்லை. இன்னும் அழுத்தினேன். இல்லை. குனிந்து பார்த்தேன். சிவப்புப் பெட்டி.

மரை என்னைப் பார்த்து ஒருமுறை கத்தியது. போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் இறங்கி வந்தான்.

"ஏன்டா, மரை கத்தினது கேட்டது. வெடி கேக்கேல்ல?"

"உன்ர ரவை. பூட்டு மூடேல்ல."

"ஆர் பெட்டியை மாத்தினது?"

"நீதானே காருக்க வைச்சு எடுத்துத் தந்தனீ."

"இருட்டு மச்சான். இருட்டில ரெண்டும் ஒரே நிறம்."

"சிவப்பும் நீலமும் ஒரே நிறமோ?"

"இருட்டில ஓம்." தன் பையைத் திறந்து பார்த்தான். நீலப் பெட்டி. "நல்லகாலம், எனக்கு ஒண்டும் வரேல்ல. வந்திருந்தால் ரெண்டு மரை சிரிச்சிருக்கும்."

விழுந்து கிடந்த மரத்தில் இருந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. இடியப்பப் பாசலைப் பிரித்தோம். அந்தக் காட்டுச் சொந்தக்காரன் ஒருமுறை எங்களிடம் சொல்லியிருந்தான், இந்த மரைகளை அந்தக் காலத்தில் சிலோனில் இருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம்.

"பாத்தியே," என்றான் அவன் வாய் நிறைய இடியப்பத்தோடு. "அதுவும் கப்பலில வந்ததுதான். அதை ஒருத்தரும் நவுறுத் தீவு முகாமுக்கு அனுப்பேல்ல."

அன்றைக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. எனக்கு நினைவில் நிற்கிற வேட்டை அதுதான்.

பிறகு ஒரு காலம் கடைகளில் பிறைமர் இல்லை, மருந்து இல்லை. விலை ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் கடைக்காரன் சாமான் வந்திருக்கிறது என்றான். வேலை முடிய இருவரும் போனோம். நான் வழக்கம்போல் எடுக்கலாம் என்று நின்றேன். அவன் சொன்னான்:

"சட்டம் விடுற அளவுக்கு எடுப்பம். சன்னமும் பெட்டிக் கணக்கில எடுப்பம். பிறகு ஏழெட்டு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்லை."

நான் சரி என்றேன். காரில் வரும்போது எனக்குச் சந்தோசம். விலை குறைவு என்பதால் மட்டும் இல்லை. ஏழெட்டு வருசத்துக்குச் சாமான் வாங்குகிறவன் ஏழெட்டு வருசம் இருப்பான் என்று நினைத்தேன்.

இரண்டு வருசம் போகவில்லை. ஒரு ஞாயிறு கோது துடைத்துக்கொண்டு இருந்தோம். மருந்து திறக்கவில்லை, அதனால் பேசலாம்.

"மச்சான், நாங்கள் சிட்னிக்குப் போறம்."

"எப்ப வாறியள்?"

"வாறதெண்டில்லை. வீட்டை விக்கிறம்."

அவனுடைய மகன் சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறான். இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. மகனும் மருமகளும் வேலை. பிள்ளைகளைப் பார்க்க அவன் மனைவி முதலே அங்கே போய்விட்டாள்.

"மனிசி அங்க, நான் இஞ்ச. தனியச் சமைக்கேலாதடா."

"இஞ்ச வந்து சாப்பிடன்."

"எவ்வளவு நாளைக்கு?"

நான் கோதைத் துடைத்தேன். அவனும் துடைத்தான்.

"துவக்கு?" என்று கேட்டேன்.

"மருமகள் வீட்டுக்க கொண்டுவரக் கூடாது எண்டுட்டா. பிழை சொல்லேலாது. ரெண்டு குஞ்சுகள். கடையில விக்கக் குடுக்கப்போறன்." கோதைக் கீழே வைத்துவிட்டு, "நீ எடன்," என்றான். "கோது எல்லாம் இஞ்சதானே கிடக்கு."

எனக்கு ஒன்று போதும் என்று சொன்னேன்.

பொய். எனக்கு அது வேண்டும். பெமிட் எடுத்தால் வாங்கலாம். துவக்குப் பெட்டகத்தில் இடமும் இருந்தது. ஆனால் நான் வாங்கினால் அவன் போவது முடிந்த காரியம். நான் வாங்காவிட்டால் விற்க மனம் வராது, துவக்குக்காக என்றாலும் இங்கே ஒரு கால் வைத்திருப்பான் என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது.

"சரி," என்றான். "என்ர பங்குச் சாமான் கிடக்கட்டும்."

கிடக்கட்டும் என்றான் அல்லவா. அப்படியென்றால் வருவான். அப்படி நினைத்துக்கொண்டேன்.

அவன் போன நாள் சாமான் ஏற்ற உதவி செய்தேன். கட்டில், அலுமாரி, கதிரைகள். துவக்கை முதல் நாளே கடையில் கொடுத்துவிட்டான். லொறி போன பிறகு அவன் வீட்டு வாசலைக் கூட்டிவிட்டு வந்தேன்.

என் மனைவி கேட்டாள். "அண்ணை உங்களைத்தானே முதல் கேட்டவர்? எடுத்திருக்கலாமே."

"எனக்கு ஒண்டு காணும்."

"எனக்கு முன்னால ஏன் நடிக்கிறியள்?"

ஒன்றரை மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனேன். சுவரில் துவக்குகள் வரிசையாக நின்றன. அவனுடையதன் பிடியில் ஒரு கீறல் இருக்கும், ஓடைக் கல்லில் பட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைக்காரன் என்ன தேடுகிறாய் என்றான். சொன்னேன். அது போன கிழமை போய்விட்டது, வடக்கே ஒரு பண்ணைக்காரன் வாங்கினான் என்றான். கோது இருந்தால் அதையும் கேட்டிருப்பானே என்றான்.

கோது என் கராஜில் இருந்தது. ஒரு வாளி நிறைய. நாட்டில் ஒரே ஒரு துவக்குக்குப் பொருந்தும். அது எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறுகளில் கராஜுக்குப் போவேன். இலக்கத்தை நானே வாசித்து, நானே எழுதி, நானே திருப்பி வாசித்தேன். ஒருநாள் பத்து ரவை நிரப்பிவிட்டு, சந்தேகம் வந்து பத்தையும் கழற்றிக் கொட்டினேன். அதற்குப் பிறகு கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினேன். இருபது ரவை. ஏழெட்டு வருசத்துச் சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு, முழு விலை கொடுத்து.

மனைவி பெட்டியைப் பார்த்தாள். விலைச் சீட்டையும் எடுத்துப் பார்த்தாள்.

அவன் சிட்னியில் இருந்து போன் எடுப்பான். பிள்ளைகளுக்குப் பல்லு முளைத்தது, மெரிலேண்ட்ஸில் நல்ல மீன் கடை இருக்கிறது, இதுதான் கதை. நான் ஓம் ஓம் என்பேன். ஒருநாள் கேட்டேன்.

"மாரிக்கு வாறியோ? மலைக்குப் போவம். உன்ர பங்கு அப்படியே கிடக்கு."

அங்கே ஒரு கதவைச் சாத்திய சத்தம் கேட்டது.

"மச்சான், லைசன்சையும் குடுத்திட்டன்டா. ரெண்டு மாசமாகுது. உனக்குச் சொல்ல நினைச்சனான்."

"ஓ."

"கோதை என்ன செய்தனீ?"

"கிடக்கு."

"முழுசா இறுக்கி எடு. உன்ரதுக்கு ஏறும். சும்மா ஏன் கிடக்க வேணும்?"

"பாப்பம்," என்றேன்.

மூன்று கிழமை பார்த்தேன். நான்காவது ஞாயிறு முழுக் கோதையும் இறுக்குகிற அச்சைப் பிரஸ்ஸில் பூட்டினேன். எண்ணெய் எடுத்தேன். முதல் கோதைத் தடவிக்கொண்டு இருக்கையில் போன் அடித்தது. அன்றைக்கு மருந்து இல்லை, அதனால் போன் வாங்கில் கிடந்தது.

"என்ன செய்யிறாய்?"

"கராஜில."

"போனை அப்பிடியே வை. நீ இழு."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இழுத்தேன். முழு அச்சில் கைபிடி பாரமாக வரும், வாங்கு முனகும். கழுத்து அச்சில் அந்தச் சத்தம் இல்லை. அவனுக்குத் தெரியும்.

"என்ரதோ?"

"ஓம்."

"எண்ணெய் காணுமே? காய்ஞ்சால் உள்ளுக்க இறுகிப்போம்."

"காணும்."

"மற்றதை இழு."

இழுத்தேன். கோது வெளியே வந்தது. என் துவக்கை வெறுமையாக எடுத்து வைத்திருந்தேன், அளவு பார்க்க. ஏற்றினேன். பூட்டு மூடியது.

"மூடுதோ?"

"ஓம்."

"ம்," என்றான்.

அங்கே ஒரு குழந்தை அழுதது. பிறகு மற்றதும். மருமகளின் குரல், "மாமா, பால் போத்திலை ஒருக்கா எடுங்கோ." பொறு மச்சான் என்று போனை எங்கேயோ வைத்தான். தண்ணீர் ஓடியது. அவன் இரண்டு பிள்ளைகளோடும் ஏதோ கதைத்தான், எனக்கு விளங்கவில்லை. நான் அடுத்த கோதை எடுத்து எண்ணெய் தடவினேன். வாளியில் பாதி முடியும் வரைக்கும் இருவரும் போனை நிற்பாட்டவில்லை.