கும்பிடு கொண்டை

சலூன் வைத்திருக்கும் பெண்கள் சிலர் என்னைப் பார்க்க வருவார்கள். "ஆன்ட்டி, பின், வலை, ஸ்பிரே எதுவும் இல்லாமல் கொண்டையை எப்படி நிற்க வைக்கிறீர்கள்? எந்த ஸ்கூலில் படித்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஜப்பான்காரனிடம் படித்தேன் என்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. அசிங்கமாக்கும் தொழில்

ஜப்பான் சண்டைக்கு முன்னால், மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் கல்யாணம் என்றால் தலை அலங்காரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடை கிடையாது. ஒரு துணிப்பையோடு வீடு வீடாகப் போவேன். தமிழர் வீடுகளில் பூ வைத்துத் தைத்த சடை. மலாய் பேசும் மலாக்கா செட்டி வீடுகளில் சாங்குல் என்று உச்சியில் தூக்கிக் கட்டுகிற கொண்டை. எந்த வீடானாலும் கேட்பது ஒன்றுதான்: பொண்ணு நடந்து வந்தால் சபை திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த பிறகு எனக்கு வந்த முதல் வாடிக்கைக்காரி, எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அன்னம்மா. மகள் புஷ்பத்தை முக்காடு போட்டு இழுத்து வந்திருந்தாள். முக்காட்டை எடுத்துப் பார்த்தேன். முட்டி வரை தொங்கிய முடி அது. பயத்தில் அன்னம்மாவே துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, கண்டபடி நறுக்கியிருந்தாள்.

"அக்கா, இவள கொஞ்சம் அசிங்கமா ஆக்கி விடுங்க. பையன் மாதிரி இருக்கணும். சிப்பாய் எவனும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாள்.

திரும்பிப் பார்க்க வைப்பதற்குத்தான் நான் தொழில் கற்றிருந்தேன். இருந்தாலும் மறுக்கிற காலமா அது? பிடரியை ஒட்ட வெட்டி, காதுக்கு மேல் மேடுபள்ளமாக விட்டேன். நன்றாகவே அசிங்கமாக வந்தது. அன்னம்மா மகளைச் சுற்றி வந்து பார்த்தாள். "ரெம்ப நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வெட்டிய முடியைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அடுத்த வாரம் இன்னொரு தாய், அப்புறம் இன்னொருத்தி. எல்லோரும் முடியை என்னிடமே விட்டுப் போனார்கள். நான் அதை அலசி, காயவைத்து, சவுரியாகக் கட்டி வைத்தேன். சண்டைக்கு முன்னால் நல்ல சவுரிக்கு நாயாக அலைந்திருக்கிறேன். இப்போது பெட்டி நிறையச் சவுரி இருந்தது, வைத்துக்கொள்ளத்தான் தலை இல்லை.

2. சோதனைச் சாலை

டவுனுக்குப் போகும் வழியில் ஒரு முச்சந்தி. அங்கே சென்ட்ரி நிற்பான், துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய். யாராக இருந்தாலும் அவன் முன்னால் நின்று, கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். குனிந்தது போதாது என்று அவனுக்குத் தோன்றினால் அறை விழும்.

கல்யாணமான பெண்களும் வயதானவர்களும் முடியை வெட்டவில்லை. அவர்களுக்குக் கொண்டைதான் சங்கடம். கடைகளில் கொண்டை ஊசி கிடைக்கவில்லை. வலை இற்றுப்போனது. தேங்காய் எண்ணெய் சமையலுக்கே இல்லை, தலைக்கு எங்கே போவது? எண்ணெய் காணாத முடி முரண்டு பிடிக்கும். குனிந்த மாத்திரத்தில் கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழும். அதைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் மரியாதைக் குறைவு.

செட்டி வீட்டு பீபி ஒருத்தர் இருந்தார், பெரிய மனுஷி. எந்த ராஜா வந்தாலும் என் சாங்குல் உச்சியில்தான் என்று பிடிவாதமாக இருந்தவர். ஒரு நாள் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவர் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். குனிந்தபோது சாங்குல் முன்னால் சரிந்து, அதில் செருகியிருந்த வெள்ளி ஊசி சென்ட்ரியின் பூட்ஸ் மேல் விழுந்ததாம். அவன் அறைந்துவிட்டு ஊசியைப் பையில் போட்டுக்கொண்டான். "ஊசி போனா போகுது, அவனுக்கு அத எங்க குத்தணும்னு தெரியுமா?" என்று மலாயில் என்னிடம் கேட்டார். பிறகு, "நீயே பாத்துக் கீழ கட்டி விடு" என்று திரும்பி உட்கார்ந்தார்.

அப்படிப் பிறந்ததுதான் கும்பிடு கொண்டை. செய்முறை இதுதான். முடியை லேசாக ஈரமாக்கி, பிடரியில் தாழ்வாகக் குதிரைவால் போலச் சேர்த்துப் பிடியுங்கள். ஈர வாழை நாரால் இறுக்கிக் கட்டுங்கள். வாலை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே பக்கமாக முறுக்கி, பிறகு ஒன்றோடொன்று எதிர்ப்பக்கமாகப் பின்னி, கட்டைச் சுற்றி வளையுங்கள். நுனியைக் கட்டுக்கு அடியில் விட்டு மேலே இழுத்துச் செருகுங்கள். நார் காயக் காயப் பிடி இறுகும். ஊசி வேண்டாம், வலை வேண்டாம். இன்றைக்கு இதையே புது ஸ்டைல் என்று சொல்லிப் பத்திரிகையில் படம் போடுகிறார்களாம். போடட்டும்.

கட்டி முடித்ததும் சோதனை. என் வீட்டுக் கூடத்தில் என்னைச் சென்ட்ரியாக நினைத்துக்கொண்டு குனிந்து காட்ட வேண்டும். நான் இடுப்பில் கை வைத்து நிற்பேன். "இன்னும் கீழ!" என்று அதட்டுவேன். மாமியார்கள், மணியக்காரர் வீட்டம்மா, எனக்குப் பழைய பகைக்காரி ஒருத்தி, எல்லோரும் வரிசையாக வந்து என்னைக் கும்பிட்டார்கள். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்?

3. செமாபோக் சம்பந்தி

புஷ்பத்துக்குச் சண்டைக்கு முன்பே பக்கத்து ஊர் செமாபோக்கில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். கல்யாணமாகாத பெண்களைத் தூக்கிப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், அன்னம்மா சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஆள் அனுப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா சரி என்றார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார். "பொண்ணோட முடியப் பாத்துத்தான் நான் வெத்தில மாத்துனேன். அது அப்படியேதான இருக்கு?"

அன்னம்மா யோசிக்காமல், அப்படியே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, தாலி ஏறுற வரைக்கும் ஒரு கொண்டை இவ தலையில நிக்கணும். அது போதும். இந்தக் கல்யாணம் நின்னா இவள நான் எங்க ஒளிச்சு வைப்பேன்?"

புஷ்பத்தின் முடி அப்போது கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. குதிரைவால்கூட இல்லை, முயல் வால். அதை நாரால் கட்டி, பெட்டியிலிருந்த அவள் முடியையே சவுரியாக இணைத்து, சுற்றி வளைத்து, கொண்டை போட்டேன். அவள் முடியை அவளுக்கே கடன் கொடுத்த மாதிரி இருந்தது. பூச்சரத்தைச் சுற்றியதும் அன்னம்மாவுக்கே சந்தேகம் வரவில்லை. புஷ்பத்தைக் கூடத்தில் நிறுத்தி, குனிய வைத்து, மறுபடி குனிய வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. "கவர்னரே வந்தாலும் பயமில்ல, போ" என்று அனுப்பினேன்.

கல்யாணம் எங்கள் பக்கத்துக் கோயிலில். மேளம் இல்லை, கூட்டம் இல்லை, சாப்பாடு மரவள்ளிக் கிழங்கு. செமாபோக் அம்மா வந்தார். நல்ல உயரம். பேச்சு கம்மி. வந்ததும் மருமகளின் கொண்டையைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகம் இளகியது. அவரோடு வந்த மகள் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூண் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கூறைப் புடவைத் தட்டை மாமியார் நீட்டினார். அதை மருமகள் அவர் காலில் விழுந்து வாங்க வேண்டும். புஷ்பம் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள்.

எத்தனை கல்யாணத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன்! ஆனால் அந்தக் காலத்தில் குனிவது என்றாலே எங்களுக்கு ஜப்பான்காரன்தான். இடுப்பு வளைகிற கும்பிடுக்கு எல்லாச் சோதனையும் செய்தவள், நெற்றி தரையில் படுகிற நம்முடைய நமஸ்காரத்தை நினைக்கவே இல்லை. தலை அப்படித் தலைகீழாகப் போனதும் கொண்டையின் பாரம் முழுக்க உச்சிப் பக்கம் இறங்கியது. முயல் வால் எவ்வளவு நேரம் தாங்கும்? பூவும் நாரும் சவுரியுமாக மொத்தமும் கழன்று, மாமியாரின் பாதத்தில் பொத்தென்று விழுந்தது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அன்னம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். புஷ்பம் நிமிரவில்லை. எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது.

செமாபோக் அம்மா குனிந்து சவுரியை எடுத்தார். கையில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான் சம்பந்தி" என்றாள் அன்னம்மா. "பயத்துல வெட்டிட்டேன். பொய் சொன்னதும் நான்தான். பிள்ளைய விட்டுறாதீங்க."

செமாபோக் அம்மா தூண் பக்கம் திரும்பி, "இங்க வா" என்றார். மகள் எழுந்து வந்தாள். அம்மாவே அவள் தலையிலிருந்த முந்தானையை இழுத்துவிட்டார். அந்தத் தலையும் வெட்டிய தலைதான். என் கையைவிட மோசமான கை.

"இத நான் வெட்டுனேன்" என்றார். "தூங்கையில வெட்டுனேன், முழிச்சா விடமாட்டாளேன்னு. அன்னையிலேர்ந்து இவ என்கூடப் பேசுறதில்ல. வீட்டுக்குள்ள நீளமா ஒரு தலையாவது வரட்டும், பாத்துக்கிட்டாவது இருப்போம்னுதான் கேட்டேன்." எனக்குக் கண்ணை மறைத்தது.

அந்த மகள்தான் புஷ்பத்தைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அம்மா, நேரம் ஆகுது, கூறைய குடு" என்றாள். செமாபோக் அம்மா சவுரியை மறந்து மகளின் வாயையே பார்த்தார். பிறகு அவசரமாகத் தட்டை நீட்டினார். மாப்பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது எல்லாக் காலத்திலும் வழக்கம்தான்.

நான் பையோடு ஓடினேன். "ஒரு நிமிஷம் குடுங்க, திருப்பிக் கட்டிடுறேன்."

"வேணாம்" என்றார். "நீ கட்டுனது போதும்."

வெட்டிய தலையில் பூச்சரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு புஷ்பம் தாலி வாங்கினாள். மத்தியானம் அவர்களை அனுப்பிவைக்க முச்சந்தி வரை நானும் போனேன். முன்னால் போன எங்கள் வரிசைப் பெண்கள், என் கொண்டை போட்டவர்கள், பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே குனிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புஷ்பமும் நாத்தனாரும் கையைப் பிடித்தபடி வந்து, கையை விட்டு, சேர்ந்து குனிந்து, சேர்ந்து நிமிர்ந்தார்கள். சென்ட்ரி கொட்டாவி விட்டான். நான் பார்த்ததிலேயே பிசகில்லாத கும்பிடு அதுதான். அதில் என் கைவேலை எதுவும் இல்லை.

அதிலிருந்து நான் எந்தத் தலையில் கை வைத்தாலும் முதலில் ஒன்று கேட்பேன். முகம் வட்டமா நீளமா என்பதெல்லாம் பிறகுதான். "இந்தத் தலை இன்னைக்கு யார் யாருக்குக் குனியணும்?" யாருக்கும் இல்லை என்று ஒரு பெண் சொன்னால், அவளுக்குக் கொண்டையை உச்சியில் போடுவேன்.